ராமானுஜன் பார்க்காத அந்த 15 இலக்க எண்

133978259344888.

நம்ம கணக்குல வாசிச்சா 1,33,97,825 கோடியே 93 லட்சத்து 44 ஆயிரத்து 888. ராமானுஜன் சொன்ன ஒரு விஷயத்தைத் தப்புன்னு காட்டின எண் இது. 1729 பத்தி எழுதாத ஆளே இல்லை, இதைப் பத்தி தமிழ்ல யாராவது எழுதிப் பார்த்திருக்கீங்களா?

ஆனைமலைக்காரன் உதாரணம் சொன்னா தேங்காய்லதான் சொல்லணும் :-) நாலு தேங்காயைக் குவியலாப் பிரிக்கலாம். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 வழி. பத்து தேங்காய்னா 42 வழி. நூறுக்கு 19,05,69,292!

200 வரைக்கும் இதைக் கையாலேயே கணக்குப் போட்டு அட்டவணை தயாரிச்சவர் மேஜர் மேக்மஹோன். இந்தியாவில் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி. ஆய்லர் கண்டுபிடிச்ச முறைப்படி, ஒவ்வொரு விடையும் முந்தைய விடைகளைக் கூட்டிக் கழிச்சு வரும். நடுவுல ஒண்ணு பிசகினா அப்புறம் எல்லாம் போச்சு.

அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜன் கண்டுபிடிச்சார்: 4, 9, 14, 19... இதுக்கெல்லாம் விடை 5-ஆல வகுபடும். 5, 12, 19... இதுக்கு 7-ஆல. 6, 17, 28... இதுக்கு 11-ஆல. 1919-ல வெளியிட்டார். அதோட விடலை. தேங்காய் எண்ணிக்கையை 24-ஆல பெருக்கி 1 கழிங்க. அது 49-ஆல வகுபட்டா விடையும் 49-ஆல வகுபடும், 343-ஆல வகுபட்டா விடையும் 343-ஆல வகுபடும், இப்படியே போகும்னு ஊகிச்சார். 5-க்கும் 11-க்கும் இதே மாதிரிதான்.

47-ஐ எடுத்துக்குங்க. 24×47−1 = 1127, அதாவது 49×23. விடை 124754, அதாவது 49×2546. சரியா வருது.

ஆனா 343-ஐச் சோதிக்கணும்னா முதல் எண்ணே 243தான் (24×243−1 = 5831 = 343×17). அட்டவணையோ 200-லயே நின்னுபோச்சு! 1920-ல ராமானுஜனும் போயிட்டார்.

அப்புறம் பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, அட்டவணையை 300 வரை நீட்டினார். அதுல 243-க்கு வந்த விடைதான் மேலே இருக்கிற எண். 1934-ல சர்வதமன் சௌலா அதை வகுத்துப் பார்த்தார். 49-ஆல வகுத்தா மிச்சமில்லாம 2734250190712. அதை இன்னொரு தடவை 7-ஆல வகுத்தா மிச்சம் 5. ஊகம் உடைஞ்சது.

1938-ல வாட்சன் 7-க்கான விதியைத் திருத்தி நிரூபிச்சார்: 343-ஆல வகுபடற இடத்துல விடை 49-ஆல வகுபடறது உறுதி, அவ்வளவுதான். 5 விஷயத்துல ராமானுஜன் சொன்னது சரின்னும் அவரே நிரூபிச்சார். 11-ம் சரிதான்னு 1967-ல ஆட்கின் காட்டினார். மூணுல ரெண்டு அப்படியே நின்னுடுச்சு, அதுவும் வெறும் 200 விடைகளைப் பார்த்துச் சொன்னது!

ராமானுஜனைப் பத்திப் பெருமை பேசறப்ப குப்தாவையும் சௌலாவையும் சேர்த்துச் சொல்லுங்க. பெரிய ஆள் சொன்னதாச்சேன்னு விடாம கூட்டி, வகுத்துப் பார்த்தவங்க அவங்க. கையில போன் இருக்குல்ல, நீங்களும் ஒரு தடவை 343-ஆல வகுத்துப் பாருங்க.