ஞாயிற்றுக்கிழமைக் கேளிக்கை: திருப்பூரில் கூடாரத் திரையரங்கிலிருந்து உள்ளரங்க விளையாட்டுக்கூடம் வரை

திருப்பூரின் கேளிக்கை வரலாற்றைக் கூலிமுறையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். சனிக்கிழமை வாரக்கூலி, 'பீஸ் ரேட்' கணக்கு, பன்னிரண்டு மணிநேரம் நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' ஆகியவை பனியன் தொழிலாளியின் ஓய்வைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடக்கின. சரத் சாரியின் நூல் (2004) உள்ளிட்ட ஆய்வுகள் இந்நகரின் உழைப்பையும் மூலதனத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஓய்வு நேரமோ அவற்றின் மையப்பொருளாக அமையவில்லை.

2009இல் தனி மாவட்டமாகும் வரை திருப்பூர் கோவை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திரையீட்டுக் கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியதும், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுப்பியதும் தமிழ்த் திரையரங்க வரலாற்றின் தொடக்க நிகழ்வுகள். அவருக்குப் பின் பரவிய கூடாரத் திரையரங்குகளில் பகல் வெளிச்சத்தை மறைக்க இயலாமையால் ஆட்டங்கள் மாலையிலும் இரவிலுமே நடைபெற்றன. இத்தொழில்நுட்பக் குறையே அவற்றைத் தொழிலாளரின் நேரத்தோடு பொருத்தியது எனலாம். மணல்தரை, பெஞ்சு, நாற்காலி என இருக்கைகள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. ஆயினும் தனியாள் ஒருவர் மிகக் குறைந்த கட்டணத்தில் உள்ளே அமர முடிந்தது. 1939ஆம் ஆண்டின் கேளிக்கைவரிச் சட்டம் நுழைவுச்சீட்டைக் கணக்கில் கொண்டுவந்ததால் இவ்வரங்குகள் அரசு ஆவணங்களில் தடம் பதித்துள்ளன. வைகாசி விசாகத் தேர்த்திருவிழாவை ஒட்டிச் சுழலும் ராட்டினங்களுக்கு அத்தகைய ஆவணத்தொடர்ச்சி அரிது. அவற்றின் வரலாற்றை வாய்மொழிச் சான்றுகளைக் கொண்டே பெரிதும் எழுதவேண்டும்.

பந்துக்குளம், டிராம்போலின், காணொளி விளையாட்டு ஆகியவை கொண்ட இன்றைய உள்ளரங்கக் கூடங்கள் இதற்கு மாறான தர்க்கத்தில் இயங்குகின்றன. இங்குப் பெரும்பாலும் காட்சி விற்கப்படுவதில்லை, நேரம் விற்கப்படுகிறது. குழந்தையின் விளையாட்டு மணிக்கணக்கில் விலையிடப்படுகிறது, பெற்றோர் உடனிருக்கின்றனர். தைத்த உருப்படிகளை எண்ணிக் கூலி பெறும் தாய்க்கு அந்த ஒரு மணிநேரம் எத்தனை உருப்படிகள் என்பது சொல்லாமலே விளங்கும்.

'குடும்பப் பொழுதுபோக்கு' என்னும் பெயரே ஒரு சமூக வரையறைதான். குழந்தைகளோடு ஊரில் நிலைத்து வாழும் குடும்பத்தையே அது வாடிக்கையாளராக முன்னிறுத்துகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து தனியே வந்து தங்கியிருக்கும் இளைஞரும், ஆலை விடுதிகளில் கண்காணிப்போடு வெளியே அனுப்பப்படும் இளம்பெண்களும் அவ்வரையறைக்குள் வருவதில்லை. இவர்களுள் ஆண்களின் ஞாயிறு மாலையைக் காண ரயில் நிலையச் சுற்றுப்புறத்துக்கும் காதர்பேட்டைக் கடைவீதிக்கும் செல்லவேண்டும். அங்கு நுழைவுச்சீட்டு இல்லை.