போர் விளையாட்டுகளில் பெண்கள்: பரிசாக, பொம்மையாக, சிப்பாயாக, மனுஷியாக

எமது ஊர்களில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் மாலையானால் கைத்தொலைபேசியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்று அந்தச் சின்னத் திரையில் ஓடுபவை, அதே வீட்டுப் பெரியவர்கள் நிஜத்தில் கண்டு பதுங்கியவை. பிள்ளை விரும்பினால் ஒரு பெண் பாத்திரத்தைத் தெரிவுசெய்தும் ஆடலாம். அவள் ஓடுவாள், சுடுவாள், செத்து விழுந்தால் அடுத்த ஆட்டத்தில் எழும்பி வருவாள். காசு கட்டினால் அவளுக்குப் புது உடுப்பும் வாங்கலாம்.

போரையும் அதில் அகப்பட்ட பெண்களையும் அறிந்த எமக்கு, இந்தக் காணொளி விளையாட்டுகள் பெண்ணை என்னவாகக் காட்டுகின்றன என்பது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி அல்ல.

ஆரம்ப காலக் கேம்களில் பெண் என்றால் பெரும்பாலும் கடத்தப்பட்டவள். 1981 இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட டொங்கி கொங்கில் ஒரு பெரிய குரங்கு பெண்ணொருத்தியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஆடுபவர் அவளை மீட்க வேண்டும். முதலில் அவளுக்கு ஒழுங்கான பெயர்கூட இருக்கவில்லை, 'லேடி' என்றே அழைக்கப்பட்டாள். போலின் என்ற பெயர் பின்னர்தான் வந்தது. 1985 இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மீட்கப்படவேண்டியவள் ஓர் இளவரசி. சீதையைத் தேடிப்போன கதை கேட்டு வளர்ந்த எமக்கு இது புதிதல்ல. ஆனால் சீதைக்கு அசோகவனத்தில் பேசுவதற்கு நிறைய இருந்தது. இந்த இளவரசிக்கு நன்றி சொல்வதைத் தவிர அதிகம் இருக்கவில்லை.

1986 இல் நிண்டெண்டோவே வெளியிட்ட மெட்ரொயிட்டில் சாமுஸ் அரன் என்ற வீரர் உடல் முழுக்க இரும்புக் கவசத்துடன் வேற்றுக்கிரகத்தில் போரிடுவார். கூட வந்த கையேடு அவரை ஆண் என்றே குறிப்பிட்டது. கேமை முடித்தால் கவசம் கழன்று, உள்ளே இருப்பது பெண் என்று தெரியும். எவ்வளவு விரைவாக முடிக்கிறீர்களோ அவ்வளவு குறைந்த உடையில் அவள் தோன்றுவாள். முழு ஆட்டத்தையும் வென்றவளின் உடம்பே கடைசியில் ஆடியவருக்குப் பரிசு.

பத்து வருடம் கழித்து, 1996 இல், இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனம் லாரா க்ரொஃப்டைக் கொண்டுவந்தது. டூம் ரைடரின் நாயகி. யாரும் மீட்கத் தேவையில்லாத, இரண்டு கையிலும் துப்பாக்கி ஏந்திய பெண். ஆனால் விளம்பரங்கள் விற்றது அவளது துணிவை அல்ல, மார்பையும் இடையையும். அவளை உருவாக்கிய டோபி கார்ட், விளம்பரத்தில் அவள் கையாளப்பட்ட விதம் பிடிக்காமல் 1997 இல் நிறுவனத்தை விட்டே விலகினார். 2013 இல் பெண் எழுத்தாளர் ரியானா ப்ராச்செட் எழுத்தில் வந்த புதிய லாரா காயப்படுவாள், பயப்படுவாள், குளிரில் நடுங்குவாள். அந்த மாற்றம் வர 17 வருடம் எடுத்தது.

போர்க்களக் கேம்களுக்கு வருவோம். 2015 இல் ஹிடியோ கொஜிமா இயக்கிய மெட்டல் கியர் சொலிட் 5, சோவியத் படைகள் நிற்கும் 1984 ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானிலும் நடக்கிறது. அதில் குவாயட் என்ற பெண் குறிபார்த்துச் சுடுவதில் வல்லவள். பாலைவனத்தில் எல்லா ஆண்களும் முழு இராணுவ உடையில் நிற்க, அவள் மட்டும் கச்சையும் கிழிந்த காலுறையும் அணிந்து நிற்பாள். தோலால்தான் சுவாசிக்கிறாள், ஆகவே உடுத்த முடியாது என்பது கதை சொல்லும் காரணம். அந்தக் காரணம் தெரியவந்தால் விமர்சித்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று கொஜிமா முன்கூட்டியே சொல்லியிருந்தார். காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான், உடையைக் கழற்றியதும் அவர்தான் என்பதை அந்த விளக்கம் மறைக்கவில்லை. இன்னொன்று, அவள் பெரும்பாலும் பேசுவதும் இல்லை.

இன்னொரு புறத்தில், போருக்குள் பெண்ணுக்கு இடமே இல்லை என்ற வாதம். 2014 இல் யூபிசொஃப்ட், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை வைத்து அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டியைத் தயாரித்தது. கூட்டாக ஆடும் பகுதியில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அசைவுகளை மீண்டும் செய்ய வேலை இரட்டிப்பாகும் என்று தயாரிப்புத் தரப்பு பதில் சொன்னது. அதே தொடரில் முன்னர் வேலைசெய்த ஜொனதன் கூப்பர் என்ற அசைவூட்டக் கலைஞர், அது ஓரிரு நாள் வேலை என்றார். 1793 இல் புரட்சித் தலைவர் மாராவை வீட்டுக்குள் புகுந்து குத்திக் கொன்றவர் ஷார்லொட் கோர்டே என்ற பெண் என்பதையும் பலர் அப்போது நினைவுபடுத்தினர்.

2018 மே மாதம் பட்டில்ஃபீல்ட் 5 இன் முன்னோட்டக் காணொளி வந்தது. இரண்டாம் உலகப்போரில் செயற்கைக் கை பொருத்திய பெண் சிப்பாய் ஒருத்தி. 'இது வரலாறு அல்ல' என்று ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் கொதித்தனர். இதில் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டியது உண்டு. அந்தப் போரில் சோவியத் படைகளில் சுமார் 8 இலட்சம் பெண்கள் பணியாற்றினர். லியுட்மிலா பவ்லிசென்கோ 309 பேரைச் சுட்டு வீழ்த்தியவராகப் பதிவாகியிருக்கிறார். பெண்கள் மட்டுமே ஓட்டிய இரவுக் குண்டுவீச்சு விமானப் படையணியும் இருந்தது. ஆகவே பெண் போரிட்டது கற்பனை அல்ல. ஆனால் கேம் அந்தப் பெண்களின் கதையை எடுக்கவில்லை. 1943 இல் நோர்வேயின் வெமோர்க் கனநீர் ஆலையை நோர்வே நாட்டு ஆண் கொமாண்டோக்கள் தகர்த்தது வரலாறு. அதைத் தழுவிய பகுதியை கேம் ஒரு தாய்க்கும் மகளுக்கும் கொடுத்தது. உண்மையில் போரிட்டவளை விட்டுவிட்டு, வேறொருவர் செய்ததைக் கற்பனைப் பெண்ணிடம் கொடுப்பது பெண்ணுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தங்கள் வரலாற்றை அடுத்தவர் எழுதக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

இவற்றைக் கேள்வி கேட்பதற்கும் விலை இருந்தது. கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதம் பற்றி 2013 முதல் காணொளித் தொடர் வெளியிட்ட அனிதா சார்கீசியன், 2014 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா அரச பல்கலைக்கழகத்தில் பேசவிருந்தார். கூட்டத்தில் படுகொலை நடக்கும் என்று மிரட்டல் வந்ததால் அந்த உரை இரத்தானது.

2019 இல் வெளிவந்த கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார், ஃபாரா கரீம் என்ற பெண் தளபதியை மையத்தில் வைத்தது. உர்சிக்ஸ்தான் என்ற கற்பனை நாடு. ஒரு பகுதியில் நாம் சிறுமி ஃபாராவாக ஆடவேண்டும். குண்டுவீச்சில் இடிந்த வீட்டுக்குள், இறந்துபோன தாயின் அருகில் கண்விழிக்கிறாள். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். நச்சுப் புகை வருகிறது. வீட்டுக்குள் புகுந்த சிப்பாயின் காலடியில் தவழ்ந்து ஒளிகிறாள். ஒரு போராளி எங்கிருந்து வருகிறாள் என்பதை ஒரு பெருவணிகக் கேம் இவ்வளவு கிட்ட நின்று சொன்னது அரிது. ஆனால் அந்தப் பகுதி சில நிமிடங்கள்தான், மிச்சமெல்லாம் வழமையான சுடுகளம். அத்துடன் 1991 இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கிய வாகனங்களை அமெரிக்கா தலைமையிலான விமானங்கள் தாக்கிய 'மரண நெடுஞ்சாலை'யின் பெயரை எடுத்து, அதே கேம் ரஷ்யர்கள்மேல் சுமத்தியது. கண்டனங்கள் எழுந்தன.

பெண்ணைப் பரிசாகவோ பொம்மையாகவோ அல்லாமல் ஒரு மனுஷியாகக் காட்டியவை, துப்பாக்கியைக் கீழே வைத்த கேம்கள்தான் என்பது என் எண்ணம். 2014 நவம்பரில் போலந்தின் வார்சோவிலுள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' அதில் முதன்மையானது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையின் அனுபவங்களிலிருந்து உருவானது. நாம் ஆடுவது சிப்பாயாக அல்ல, முற்றுகைக்குள் அகப்பட்ட சனமாக. பகலில் வெளியே போனால் சினைப்பர். ஆகவே உடைந்த வீட்டுக்குள் அடுப்புக் கட்டுவது, மழைத்தண்ணீர் பிடிப்பது, ஓட்டை அடைப்பது. இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய் உணவோ மருந்தோ தேடலாம். வன்னியில் இறுதி மாதங்களைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே கத்யா செய்தியாளர், பேரம்பேசத் தெரிந்தவள். எமிலியா சட்டத்தரணி. ஸ்லாட்டா இசை படித்தவள், கிற்றார் வாசித்து மற்றவர்களின் மனத்தைத் தேற்றுவாள். ஸ்வெட்டா பாடசாலை அதிபர், வயது போனவர், பிள்ளைகளைத் தேற்றத் தெரிந்தவர். இப்படிப்பட்ட ஒரு பெண்ணை வேறெந்தப் போர்க் கேமிலும் நான் கண்டதில்லை. எல்லோருக்கும் பசிக்கும், காய்ச்சல் வரும், மனம் உடையும். முதிய தம்பதியின் வீட்டில் களவெடுத்தால் அதைச் செய்தவருக்கு நாட்கணக்கில் குற்றவுணர்வு. உடை எவருக்கும் கவர்ச்சிக்கு அல்ல, குளிருக்கு.

அதில் ஒரு பல்பொருள் அங்காடி உண்டு. இரவில் அங்கே உணவு தேடிப்போனால், ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவன் சாப்பாடு தேடிவந்த இளம்பெண்ணை வளைத்து நிற்பதைக் காண்பீர்கள். கேம் எதையும் சொல்லாது. தலையிட்டால் உங்கள் ஆள் சாகலாம். பேசாமல் திரும்பினால் உயிருடன் வீடு சேரலாம், ஆனால் நடந்தது மனத்தை விட்டுப் போகாது. 2020 இல் போலந்து அரசு இந்தக் கேமைப் பாடசாலைகளுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

மேலே சொன்ன பெரிய கேம்கள் எதிலும் போர் முடிந்த மறுநாளில் பெண் என்ன ஆகிறாள் என்பது இல்லை. ஆயுதத்தை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவளை ஊர் எப்படிப் பார்த்தது, காணாமற்போனவரின் படத்தோடு வீதியோரத்தில் இருப்பவள் எப்படி நாளைக் கழிக்கிறாள் என்பவற்றை வெல்வதும் தோற்பதுமாக மாற்றுவது கடினம் என்பது உண்மைதான்.

ஆனால் காத்திருப்பதை ஒரு கேம் ஆக்கியிருக்கிறார்கள். 2017 இல் பிரான்ஸின் த பிக்சல் ஹன்ட் குழு வெளியிட்ட 'பரி மீ, மை லவ்' கைத்தொலைபேசிக்கென்றே செய்தது. சிரியாவிலிருந்து ஐரோப்பா நோக்கிப் புறப்பட்ட நூர் என்ற பெண்ணும், ஊரிலேயே தங்கிவிட்ட கணவன் மஜ்துமே பாத்திரங்கள். நாம் ஆடுவது மஜ்தாக. அவள் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்குப் பதில் எழுதுவதே ஆட்டம். எந்த எல்லை, எந்தப் படகு, எவ்வளவு காசு, யாரை நம்புவது என்று அவள் கேட்பாள், சிலவேளை எமது சொல்லைக் கேளாமல் தன் பாட்டில் முடிவெடுப்பாள். 19 முடிவுகள் உண்டு, சிலவற்றில் அவள் போய்ச்சேர்வதில்லை. படகில் ஏறப்போகிறேன் என்று எழுதியபின் செய்தி நின்றுவிடும். நேரம் நிஜ நேரமாகவே ஓடும் என்பதால் பல மணித்தியாலம் ஒன்றும் வராது. தொலைபேசியை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம், அடிக்கடி எடுத்துப் பார்க்கலாம். வேறு எதுவும் செய்வதற்கில்லை.