ஓடுபாதை வழியே வந்த தங்கவேட்டை

அமேசான் காட்டில் குற்றம் பெருகுவது ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அங்கே அரசின் கை எட்டவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காடு, சாலை கிடையாது, காவல் நிலையம் கிடையாது, ஆகவே தங்கம் தோண்டுகிறவர்களும் மரம் கடத்துகிறவர்களும் தம் இஷ்டத்துக்கு ஆடுகிறார்கள் என்பார்கள். பிரேசிலின் வட எல்லையில், வெனிசுவேலாவை ஒட்டிய காட்டில் வாழும் யனோமாமி மக்களின் கடந்த ஐம்பதாண்டு வரலாற்றைப் படித்தால் இந்த விளக்கம் நிற்காது. அங்கே பெரும் தங்கவேட்டைக்கு முன்னால் அரசு நுழைந்திருந்தது. சாலை போட்டது, கனிமம் தேடியது, ஓடுபாதையை நீட்டியது, எல்லைகளை மாற்றி வரைந்தது. அரசு கதவைத் திறந்தபோது குற்றம் உள்ளே வந்தது. அரசு மனம்வைத்துச் சாத்தியபோது வெளியேறியது. காடு காக்கப்படுமா என்ற கேள்விக்கு விடை அரசு யார் பக்கம் நிற்கிறது என்பதில் இருக்கிறது என்றே இந்த வரலாற்றைக் கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது.

1970களில் பிரேசிலை ஆண்டது ராணுவம். அமேசானைக் குறுக்கும் நெடுக்கும் சாலைகளால் கட்டிப்போட வேண்டும் என்பது அதன் கனவு. அந்தக் கனவின் ஒரு பகுதியான பெரிமெட்ரல் நோர்த்தே நெடுஞ்சாலை 1973 வாக்கில் யனோமாமி நிலத்தின் தென்பகுதிக்குள் புகுந்தது. காட்டை அழிக்க வந்த தொழிலாளர்களோடு சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் வந்தன. வெளியுலகத் தொடர்பே இல்லாதிருந்த உடல்களுக்கு அந்த நோய்களை எதிர்க்கும் வலு இல்லை. அஜரானி ஆற்றங்கரை ஊர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டுபோனார்கள். 1976ல் சாலைப்பணி கைவிடப்பட்டது. காடு அந்தப் பாதையின் பெரும்பகுதியை மூடிவிட்டது. அதே ஆண்டுகளில் அரசின் ராடார் ஆய்வுத் திட்டம் விமானத்திலிருந்து அமேசானை அளந்து, யனோமாமி நிலத்தில் கனிமங்கள் இருப்பதாக அறிவித்தது. 1975ல் சுருக்குக்கு மலைப்பகுதியில் வெள்ளீயக் கனிமம் தேடி நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். புதையல் இருக்கிறது என்ற செய்தியை ஊரறியச் சொன்னது அரசு. அது யாருடைய நிலம் என்பதைச் சொல்லத்தான் இன்னும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

அதைச் சொல்லவைக்க 1978ல் ஓர் இயக்கம் தொடங்கியது. ஒளிப்படக் கலைஞர் கிளாவுதியா அந்துஹார், மிஷனரி கார்லோ சக்கினி, மானுடவியலாளர் புரூஸ் ஆல்பெர் ஆகியோர் சேர்ந்து அமைத்த குழு, யனோமாமி நிலம் முழுவதையும் ஒரே தொடர்ச்சியான பரப்பாக அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டது. யனோமாமிகளிடையே இருந்து எழுந்த தாவி கோபெனாவா அதே கோரிக்கையை உலக அரங்குகளுக்குக் கொண்டுபோனார். அரசின் எண்ணம் வேறாக இருந்தது. நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு ஊர்க்கூட்டத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, இடைப்பட்ட காட்டைத் திறந்துவிடுவது அதன் திட்டம். 1978ல் முன்வைக்கப்பட்ட வரைபடத்தில் இப்படி 21 தீவுகள். பத்தாண்டு கழித்து அதிபர் சார்னேயின் ஆட்சியில் அவை 19 ஆயின. யனோமாமிகள் காலங்காலமாகப் புழங்கிய காட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தீவுகளுக்கு வெளியே தள்ளப்பட்டு, தேசியக் காடு என்ற பெயரில் சுரங்கத்துக்கு வழிவிட்டது. பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே நிலத்தைப் பறிக்கும் இந்த முறை வெளிப்படையான அபகரிப்பைவிடக் கொடியது. ஏனென்றால், அதை எதிர்ப்பவர்களைச் சட்டத்தின் எதிரிகளாகக் காட்டிவிட முடிகிறது.

இதற்குள் காட்டில் வேறொன்று நடந்துவிட்டது. எல்லைப் பாதுகாப்புக்காக 1985ல் வகுக்கப்பட்ட கல்ஹா நோர்த்தே என்ற ராணுவத் திட்டத்தின்கீழ், 1986ல் பாப்பியூ என்னும் இடத்திலிருந்த சிறிய ஓடுபாதையை விமானப்படை அகலப்படுத்தி நீட்டியது. எல்லையைக் காக்கவென்று போட்ட பாதை அது. 1987ல் அதில் வந்து இறங்கியவர்கள் கரிம்பேரோக்கள், அதாவது தங்கம் தோண்டுகிறவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மோதல் ஏற்பட்டபோது, பூர்வகுடி நலத்துக்கான அரசு நிறுவனமான ஃபுனாய் தங்கவேட்டைக்காரர்களை வெளியேற்றவில்லை. மருத்துவக் குழுக்களையும் மிஷனரிகளையும் மானுடவியலாளர்களையும் வெளியேற்றியது. உள்ளே நடப்பதைப் பார்க்கவும் நோய்க்கு மருந்து கொடுக்கவும் ஆளில்லாமல் போயிற்று. ஃபுனாயின் அப்போதைய தலைவர் ரோமேரோ ஜுகா 1988ல், யனோமாமி நிலத்தின் ஒரு பகுதி அடங்கிய ரொரைமாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் செனட்டராகி, பூர்வகுடி நிலங்களில் சுரங்கத்தை அனுமதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரே. 1987க்கும் 1990க்கும் இடையே 30,000 முதல் 40,000 தங்கவேட்டைக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். பிரேசிலில் அன்றைக்கு யனோமாமிகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தைச் சுற்றித்தான். அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்தச் சில ஆண்டுகளில் இறந்தார்கள்.

துப்பாக்கியால் இறந்தவர்கள் அதில் சிறுபகுதிதான். தங்கவேட்டை எப்படிக் கொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாவிட்டால், பசுமையான காட்டின் நடுவே குழந்தைகள் பட்டினியால் சாவது புதிராகவே இருக்கும். வேகமாகப் பீய்ச்சும் நீரால் ஆற்றங்கரையைக் கரைத்து, அந்தச் சேற்றை உறிஞ்சிச் சலித்துத் தங்கப்பொடியைப் பிரிப்பார்கள். மிஞ்சும் குழிகளில் தண்ணீர் தேங்கி மலேரியாக் கொசு பெருகும். பொடியைத் திரட்டப் பாதரசம் சேர்ப்பார்கள். பின்பு சூடாக்கி அதை ஆவியாக விடுவார்கள். அது காற்றிலும் ஆற்றிலும் கலந்து மீனுக்குள் போய், மீன் உண்பவர்களின் உடலில் சேரும். இயந்திர இரைச்சலில் வேட்டை விலங்குகள் விலகிப்போகும். மலேரியாவில் படுத்த தாயும் தகப்பனும் தோட்டத்தில் மரவள்ளியும் வாழையும் நட முடியாது. ஒரு நடவுக்காலம் தவறினால் அடுத்த ஆண்டின் சாப்பாடு போயிற்று.

1990ல் பதவிக்கு வந்த அதிபர் கோலோர், உலகத்தின் கண்டனத்துக்கு நடுவே, ஓடுபாதைகளை வெடிவைத்துத் தகர்க்க ஆணையிட்டார். தகர்த்தவற்றில் சிலவற்றை வேட்டைக்காரர்கள் செப்பனிட்டுக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வான்வழி அடைபட்டதும், எரிபொருளும் அரிசியும் வந்துசேராமல் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். 1992 மே 25 அன்று, ரியோ புவி மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு, சுமார் 96 லட்சம் ஹெக்டேர் பரப்பு ஒரே தொடர்ச்சியான யனோமாமி நிலமாகச் சட்டப்படி உறுதிசெய்யப்பட்டது. போர்ச்சுகல் நாட்டைவிடச் சற்றுப் பெரிய பரப்பு அது. பன்னிரண்டு ஆண்டுகள் முடியாது என்று சொல்லப்பட்டது, அரசு முடிவெடுத்த இரண்டே ஆண்டுகளில் முடிந்தது.

இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு நிலமா என்பது அன்றும் இன்றும் எழும் முதல் ஆட்சேபம். யனோமாமிகள் ஒரே இடத்தில் உழுது உண்பவர்கள் அல்லர். தோட்டத்தைச் சில ஆண்டுகள் பயிரிட்டு, காடாக வளர விட்டு, அடுத்த இடத்துக்குப் போகிறவர்கள். வேட்டைக்கும் மீனுக்கும் காட்டுப் பழங்களுக்கும் பல நாள் நடைத்தொலைவு வரை போய்வருகிறவர்கள். ஊரைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுப்பதும் அவர்களை அங்கிருந்து விரட்டுவதும் ஒன்றுதான். அந்த நிலம் சும்மா கிடக்கவும் இல்லை. மாப்பியோமாஸ் அமைப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்தபடி, 1990 முதல் 2020 வரை பிரேசிலின் பூர்வகுடி நிலங்கள் இழந்த இயற்கைத் தாவரப் பரப்பு 1 சதவீதம். தனியார் நிலங்கள் இழந்தது 20 சதவீதத்துக்கும் மேல். நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்று ராணுவத்தினர் எழுப்பிய ஆட்சேபமும் ஆராய்ந்தால் கரைகிறது. 1988 அரசியல் சட்டப்படி பூர்வகுடி நிலத்தின் உடைமை ஒன்றிய அரசுக்கே உரியது. மக்களுக்கு உள்ளது அதில் நிரந்தரமாக வாழ்ந்து பயன்பெறும் உரிமை. ராணுவத்தின் எல்லைக் காவல் முகாம்கள் யனோமாமி நிலத்துக்குள் இன்றும் இயங்குகின்றன. எல்லையை உண்மையில் மீறியவர்கள் தங்கவேட்டைக்காரர்கள்தான். 1993ல் ஹஷிமு ஊரைச் சேர்ந்த 16 யனோமாமிகளை, குழந்தைகள் உட்பட, பிரேசில் தங்கவேட்டைக்காரர்கள் கொன்றது வெனிசுவேலா மண்ணில். அந்தக் கொலைகளை இனப்படுகொலை என்றே பிரேசில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தோண்டுகிறவர்களும் ஏழைகள்தானே என்ற கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. சேற்றில் இடுப்பளவு நின்று வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்கள். பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் மலேரியா வருகிறது, பாதரசம் சேர்கிறது. ஆனால் விமானமும் இயந்திரமும் எரிபொருளும் அவர்களுடையவை அல்ல. எடுத்த தங்கத்தில் பெரும்பங்கு முதலீடு போட்டவருக்கு. மிச்சம்தான் வேலை செய்தவர்களுக்குள் பிரியும். அண்மை ஆண்டுகளில் சிறைச்சாலைகளில் பிறந்த ஆயுதக் கும்பல்களும் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டன. 2021 மே மாதம் பாலிமியு என்ற யனோமாமி ஊர்மீது படகுகளில் வந்தவர்கள் சுட்டார்கள். மறுநாள் விசாரிக்கப் போன கூட்டாட்சிக் காவல் துறையினர் மீதும் சுட்டார்கள். ஏழையின் பெயரைச் சொல்லி இதைக் காப்பாற்றுவது அந்த ஏழைக்கும் செய்யும் அநியாயம்.

இரண்டாவது படையெடுப்பும் அரசின் வழியாகவே வந்தது. 1993லேயே, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, யனோமாமி நில அங்கீகாரத்தை ரத்துசெய்யத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஜெயிர் போல்சொனாரோ. 2019ல் அவர் அதிபரானார். பூர்வகுடி நிலத்தில் சுரங்கத்தை அனுமதிக்கும் மசோதாவை 2020ல் அனுப்பினார். தங்கவேட்டைக்காரர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் சுமார் 20,000 பேர் உள்ளே இருந்தார்கள். ஹோமோஷி என்னும் இடத்தில் சுகாதார நிலையத்துக்கான ஓடுபாதையையே அவர்கள் கைப்பற்றினார்கள். 2023 ஜனவரியில் பதவிக்கு வந்த புதிய அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தபோது, முந்தைய நான்கு ஆண்டுகளில் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் 570 யனோமாமிக் குழந்தைகள் இறந்திருந்தது வெளிவந்தது. முக்காஜாயி ஆற்றங்கரையின் ஒன்பது ஊர்களில் எடுத்த முடி மாதிரிகள் எல்லாவற்றிலும் பாதரசம் இருந்ததாக ஃபியோகுரூஸ் ஆய்வு நிறுவனம் 2024ல் தெரிவித்தது. புதிய அரசு வான்வெளியை அடைத்ததும் தங்கவேட்டைக்காரர்கள் சில வாரங்களிலேயே வெளியேறத் தொடங்கினார்கள். கண்காணிப்பு தளர்ந்ததும் சிலர் திரும்பினார்கள். 2024ல் ரொரைமாவின் தலைநகரான போவா விஸ்தாவில் நிரந்தர அலுவலகம் அமைத்துத் தொடர்ந்து நடவடிக்கை எடுத்த பிறகே நிலைமை மாறியது. நில உரிமை தானாக வேலி ஆகாது. அதைக் காக்க ஆளும் பணமும் ஆண்டாண்டுக்கு வேண்டும்.

காட்டுக்கு வெளியேயும் ஒரு கதவு இருந்தது. விற்பவர் சொல்வதை வாங்குபவர் நல்லெண்ணத்தில் நம்பினால் போதும், தங்கம் எங்கே தோண்டப்பட்டது என்று துருவத் தேவையில்லை என்ற விதியை 2013ல் பிரேசில் சட்டமாக்கியது. திருட்டுத் தங்கம் ஒரு தாளில் எழுதிய பொய்யால் நல்ல தங்கமாகிவிடும். 2023 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. அந்த விதி நடப்பில் இருந்தபோது, சட்டபூர்வமாக இயங்கும் தங்கச் சுரங்கம் ஒன்றுகூட இல்லாத ரொரைமா மாநிலத்திலிருந்து தங்கம் ஏற்றுமதியானதை 2019ல் பிபிசி வெளிக்கொணர்ந்தது. 194 கிலோ. போன இடம் இந்தியா. நம் கடைகளில் வாங்கும் நகையின் ஹால்மார்க் முத்திரை அதன் மாற்று என்ன என்று சொல்லும். எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று சொல்லாது. இறக்குமதியாகும் தங்கம் தோண்டப்பட்ட இடத்தையும் பதிவுசெய்யச் சட்டம் வேண்டும் என்று, உலகிலேயே மிக அதிகமாகத் தங்கம் வாங்கும் நாடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு, நாமும் கேட்க வேண்டும்.