இரு நாழிகை நோன்பு

மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் குன்றின் குகைத்தளங்களில், பாறையைச் செதுக்கி அமைத்த கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டினவாக அறிஞர் பலர் கணிப்பர். கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்துத் தந்ததையும், வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையையும் அவை தெரிவிக்கின்றன. படுக்கையைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல், அறவோர் உறைவிடத்தையும் பின்னர்க் கல்விக்கூடத்தையும் குறிப்பதாயிற்று.

ஆண்டு முழுதும் நடந்தே திரியும் சமண முனிவர், மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவர். துளிர்க்கும் பயிரும் ஊரும் சிற்றுயிரும் காலடியில் மாயாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தங்கல் இல்லறத்தார்க்கு அறவுரை கேட்கும் காலமாகவும் அமைந்தது.

ஆனால் அரசுப்பணியிலும் வணிகத்திலும் உழவிலும் ஓயாது உழன்ற இல்லறத்தார் தாம் எங்ஙனம் நின்று தம்மை நோக்குவது? இவ்வினாவிற்குச் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் விடை கூறுகிறது. அதனைத் தழுவித் தமிழில் எழுந்த நூல் அருங்கலச்செப்பு. சிராவகர்க்குரிய நான்கு சிட்சா விரதங்களுள் சாமாயிகமும் புரோடதோபவாசமும் இடம்பெறுகின்றன. 'சிட்சை' என்பது பயிற்சி. ஒருநாள் செய்து முடிப்பதன்று, பழகப் பழகக் கைவருவது என்பதை அப்பெயரே உணர்த்தும்.

சாமாயிகத்தின் அளவாக மரபில் வழங்குவது ஒரு முகூர்த்தம். அஃதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். ஒரு நாளுக்கு முகூர்த்தம் 30. அவற்றுள் ஒன்றையேனும் தனக்கென ஒதுக்கி, ஆரவாரமற்ற இடத்தில் அமர்ந்து, விருப்பு வெறுப்பு நீக்கி, உயிரின் இயல்பை எண்ணுவதே இந்நோன்பு. அப்பொழுதில் இல்லறத்தான், ஆடை போர்த்திய முனிவனை ஒத்தவன் என்பது ஆசிரியர் கருத்து.

புரோடதோபவாசம் அட்டமி, சதுர்த்தசி நாள்களுக்குரியது. திங்கள்தோறும் நான்கு நாள் வரும். அன்று உணவோடு அணிகலன், நறுமணம், தொழில் முயற்சி ஆகியவற்றையும் விலக்கி, அறநூல் ஓதியும் கேட்டும் இருத்தல் வேண்டும். உண்ணாமை மட்டும் நோன்பாகாது. ஓயாத வினையினின்று விலகுதலும் அதன் கூறு.

மனித மனத்தின் தளர்ச்சியை முன்னோர் நன்கறிவர். சாமாயிகத்திற்குரிய குற்றங்கள் ஐந்தனுள் மனம், மொழி, மெய் ஆகியவற்றைத் தீநெறியில் செலுத்துதல் மூன்று. எஞ்சிய இரண்டு, ஆர்வமின்மையும் மறதியும். 'இன்று நேரமில்லை' என்னும் இக்காலச் சொல்லுக்குரிய இடம் அங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது.

உழவையே பெரிதும் நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பலர், இன்று நகரங்களில் கணினி முன்னும் அலுவலகங்களிலும் உழைக்கின்றனர். உடற்களைப்பு உறக்கத்தால் தீரும். உள்ளக் களைப்போ சினமாக மாறி வீட்டினர் மேல் பாயும். எறும்பிற்கும் இரங்கும் இல்லத்தில், துணைவியும் மக்களும் கடுஞ்சொல்லால் நோவது அகிம்சையாகாது. சாமாயிகத்தின் பயன் வினைத்தடையும் ஆன்மத் தூய்மையுமே. எனினும் சினம் எழும் முன்னரே அதனைக் கண்டுகொள்ளும் தெளிவும் அதனுடன் வாய்க்கிறது.

இரண்டு நாழிகை இயலாதவர் அரை நாழிகையில் தொடங்கிப் பழகலாம். நாள்தோறும் ஒரே வேளையில், கைப்பேசியை விலக்கி, குடும்பத்தாரோடு சினாலயத்திலோ இல்லத்திலோ அமர்தல் நன்று. கற்படுக்கை அமைத்துத் தந்த முன்னோர்க்குச் செலுத்தும் நன்றி, அக்குன்றுகளைக் காண்பதோடு நின்றுவிடலாகாது. அங்கு நிலவிய அமைதியை நம் இல்லங்களிலும் நாளும் நிலைபெறச் செய்தலே அதன் நிறைவாகும்.

அறம் வளர்க, அமைதி நிலவுக.