எண்ணும் எழுத்தும் முகவரியும்: சொந்த வழங்கியில் தமிழ்த் தொகுப்புகள், காஞ்சிபுரத்தை முன்வைத்து

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் கல்வெட்டுகளைக் கல்வெட்டியலாளர்கள் எண்ணால்தான் சுட்டுகிறார்கள். ஹுல்ட்ஸ் 1890இல் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில், ராஜசிம்மேச்சுரத்தின் புறச்சுவரைச் சுற்றி ஓடும் வடமொழிக் கல்வெட்டு 24ஆம் எண் பெற்றது. அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஆய்வேட்டில் அந்த எண்ணைக் கண்டாலும் அதே கல்லில் போய் நிற்கலாம். ஊரின் பெயர் அப்படி இல்லை. கச்சி, காஞ்சி, காஞ்சீபுரம், காஞ்சிபுரம் என்று நூலுக்கு நூல் மாறுகிறது. கோயிலின் பெயரும் ராஜசிம்மேச்சுரம் என்றும் கைலாசநாதர் கோயில் என்றும் வழங்குகிறது.

ஒரு பொருளை எண்ணால் சுட்டுவதா பெயரால் சுட்டுவதா என்பது, தமிழ்த் தொகுப்புகள் இணையத்தில் சொந்த வழங்கியில் குடியேறிய வரலாற்றிலும் முக்கியமான கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளின் வரலாற்றை வழக்கமாக எளிமை வளர்ந்த கதையாகச் சொல்கிறார்கள்: முன்பு நிரல் தெரிந்தவர் மட்டுமே தளம் அமைக்க முடிந்தது, பிறகு யார் வேண்டுமானாலும் அமைக்கலாம் என்றானது. தமிழைப் பொறுத்தவரை அந்தக் கதை போதாது. இங்கே தரவுத்தளம் தமிழ் எழுத்தை எப்படிச் சேமித்தது, பக்கத்துக்கு எப்படி முகவரி கொடுத்தது என்ற இரண்டும்தான் எந்தத் தொகுப்பு நிலைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தன.

கோப்புகளின் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டில்தான் அப்பாச்சி வழங்கி மென்பொருளும், பிஎச்பி நிரல்மொழியும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் வெளிவந்தன. லினக்ஸோடு சேர்ந்து இம்மூன்றும் பின்னாளில் சொந்தத் தளம் அமைப்போரின் அடித்தளம் ஆயின. ஆனால் தமிழ் முதலில் இந்த வழியில் வரவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரத்தின் தலைமையில் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து கோப்புகளாக வெளியிட்ட முயற்சி. தரவுத்தளமோ நிர்வாகப் பக்கமோ அதற்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு நூலும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண். திருக்குறள் முதல் எண்ணைப் பெற்றது. திஸ்கி குறியாக்கத்தில் வந்த நூல்கள் பிறகு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. குறியாக்கமே மாறியபோதும் எண் மாறவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கோப்புகளாக இருந்ததால் அவற்றை யாரும் படியெடுத்து வேறு வழங்கியில் வைக்கவும் முடிந்தது. இன்று எளிய ஏற்பாடாகத் தோன்றும் இது, தமிழுக்குக் கிடைத்த மிக உறுதியான ஏற்பாடுகளில் ஒன்று என்றே கருதுகிறேன்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009இல் மூடியபோது, அங்கே இருந்த எத்தனையோ தனிப்பட்ட தமிழ்ப் பக்கங்களும் அதோடு போயின. உள்ளடக்கம் ஒருவருடையது, வழங்கி இன்னொருவருடையது என்றால் என்ன நேரும் என்பதைத் தமிழ் இணையம் அப்போது கண்கூடாகக் கண்டது.

தரவுத்தளத்துக்குள் தமிழ்

ட்ரூபல் 2001இலும், வேர்ட்பிரஸ் 2003 மே மாதத்திலும், மாம்போவிலிருந்து பிரிந்த ஜூம்லா 2005இலும் வந்தன. மூன்றும் பிஎச்பியில் எழுதப்பட்டவை, மூன்றும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. நிறுவும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. வழங்கியில் வெறுமையான ஒரு தரவுத்தளம் உருவாக்க வேண்டும். அதற்கு ஒரு பயனரும் கடவுச்சொல்லும் வேண்டும். மென்பொருளின் கோப்புகளை ஏற்றி, அந்த விவரங்களை அமைவுக் கோப்பில் எழுதி, உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்தால் அட்டவணைகள் தாமே உருவாகும். வேர்ட்பிரஸ் இதை ஐந்து நிமிட நிறுவல் என்று விளம்பரப்படுத்தியது, அது பெரும்பாலும் உண்மையும்கூட.

தமிழ் எழுதுவோருக்குச் சிக்கல் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வந்தது. மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்த மென்பொருள். அன்று அதன் இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீன்-1, வரிசைப்படுத்தும் முறை சுவீடிஷ் மொழிக்கானது. யுடிஎஃப்-8 ஆதரவு 2004இல் நிலைபெற்ற 4.1 பதிப்பில்தான் வந்தது. அதுவும் அப்போது கேட்டால்தான் கிடைத்தது, கேட்காவிட்டால் லத்தீன்தான். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. லத்தீன்-1 அட்டவணைக்கு அது மூன்று தனி எழுத்து. உள்ளே போனது போலவே வெளியே வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. வழங்கியை மாற்றும்போதோ, இணைப்பின் எழுத்துத்தொகுதியைக் குறிப்பிடும் வசதி 2007இல் வேர்ட்பிரஸின் 2.2 பதிப்பில் சேர்ந்த பிறகோ, ‘க’ இருந்த இடத்தில் பொருளற்ற மூன்று குறிகள் வந்து நின்றன. தரவு அழியவில்லை. ஆனால் அதை மீட்க, பைட்டுகளை மாற்றாமல் எழுத்துத்தொகுதியின் பெயரை மட்டும் மாற்றத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத தளங்களில் அந்தப் பக்கங்கள் கெட்டுப்போனதாகவே கைவிடப்பட்டன. தமிழ் இணையத்தின் இழப்புகளில் மிகவும் வருந்தத்தக்கது இது, ஏனென்றால் எழுத்து முழுக்க அங்கேயே இருந்தது.

இதே காலத்தில் வேறு வழியில் போனது ஈழத் தமிழரின் நூலகம் திட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட வரலாறு அறிந்தவர்களுக்கு, 2005இல் தொடங்கிய இந்த முயற்சியின் அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. அது தேர்ந்தெடுத்த மென்பொருள் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி. தமிழ் விக்கிப்பீடியா 2003இலேயே தொடங்கிவிட்டதால் மென்பொருளின் இடைமுகம் தமிழில் பேசத் தொடங்கியிருந்தது. மீடியாவிக்கி தலைப்பை பைட்டுகளாகவே வைத்துக்கொள்கிறது, அதிகபட்சம் 255 பைட்டு. தமிழில் 85 குறியீடுகள். ஆனால் இதைவிடப் பெரிது நூலகம் செய்த இன்னொன்று. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ கொடுத்தார்கள். ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கம் ஆகியவற்றோடு அந்த எண்ணும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் கோப்பு எண்ணும் ஹுல்ட்ஸின் கல்வெட்டு எண்ணும் செய்த அதே வேலையை அது செய்கிறது. பின்னர் ஒளிப்படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் ட்ரூபலை அடிப்படையாகக் கொண்ட ஐலண்டோராவில் ‘ஆவணகம்’ என்ற தளத்தையும் நூலக நிறுவனம் அமைத்தது.

காஞ்சியின் பெயரில்

காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அதில் நெடுநாள் பங்காற்றிவரும் த. சீனிவாசனை ஆசிரியராகக் கொண்டு ‘கணியம்’ இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்பிப்பது அதன் நோக்கம். ‘எளிய தமிழில் க்னு/லினக்ஸ்’, து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ போன்ற நூல்கள் படியெடுக்கவும் பகிரவும் உரிமை தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூலாக வந்தன. ஒரு தளத்தைச் சொந்த வழங்கியில் நிறுத்தத் தேவையான அடிப்படை அறிவு தமிழ் வழியாகவே கிடைக்கத் தொடங்கிய காலம் இது. தரவுத்தளத்தின் எழுத்துத்தொகுதியைத் திருத்தத் தெரிந்த ஒருவரை ஊருக்கு ஊர் உருவாக்க இதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் கணியம் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ், தமிழ்த் தலைப்பை முகவரியாக மாற்றும் விதத்தில் ஒரு குறை உண்டு. பக்கத்தின் முகவரிப் பெயருக்குத் தரவுத்தளத்தில் 200 இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டுகளும் சதவீதக் குறியோடு எழுதப்படுவதால் ஒன்றுக்கு ஒன்பது இடம் வேண்டும். ‘காஞ்சிபுரம்’ என்ற பெயரில், மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணினால், 11 குறியீடுகள். ஊர்ப்பெயர் மட்டுமே 99 இடம் எடுத்துக்கொள்கிறது. ‘காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்’ என்று தலைப்பிட்டால் இடைவெளிகளோடு 245 இடம் தேவை. எனவே 200ஆம் இடத்தில் முகவரி வெட்டப்பட்டு, ‘கோயில்’ என்ற சொல்லில் ‘க’ மட்டும் மிஞ்சும். அதே இரு சொற்களில் தொடங்கி ‘கோயில் சிற்பங்கள்’, ‘கோயில் ஓவியங்கள்’, ‘கோயில் கல்வெட்டுகள்’ என்று மேலும் பக்கங்கள் எழுதினால், மென்பொருள் வாலில் 2, 3, 4 என்று எண்ணை ஒட்டிச் சமாளிக்கும். எது சிற்பம், எது கல்வெட்டு என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மீடியாவிக்கியிலோ முழுத் தலைப்புக்கும் 83 பைட்டு போதும்.

இதற்கு மருந்து மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. நிரந்தரத் தொடுப்பைத் தலைப்புக்குப் பதிலாக எண்ணால் அமைத்துக்கொள்ளலாம். தளம் தொடங்கும் நாளிலேயே அதைச் செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் நூல்களிலும் ஆய்வேடுகளிலும் அச்சாகிவிட்ட பழைய முகவரிகள் பொருளிழக்கும் ஆபத்து உண்டு.

தேடலிலும் தமிழின் இயல்பு கணக்கில் எடுக்கப்படவில்லை. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் எழுத்துக்கோவை அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ‘காஞ்சிபுரம்’ என்று தேடுபவருக்குக் ‘காஞ்சிபுரத்தில்’, ‘காஞ்சிபுரத்துக்கு’ என்று மட்டும் எழுதிய பக்கம் கிடைக்காது. வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் ஈறு திரியும் மொழிக்கு இது சிறிய குறையல்ல. ஊர்ப்பெயரைத் தனிப் புலமாகவோ குறிச்சொல்லாகவோ பதிந்தால் இதைக் கடக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்தின் தளம் இதே மென்பொருளின் இன்னொரு முகம். தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்காக உருவாக்கிய எஸ்3வாஸ் அமைப்பில் அது இயங்குகிறது. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்ப்பவர் வேர்ட்பிரஸின் கோப்புறைப் பெயர்களை அதில் காணலாம். பாதுகாப்புக்கும் மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்கும் அது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே சட்டகம். காஞ்சியில் மட்டுமே விளையும் தரவுக்கு அதில் தனி அறை இல்லை.

பட்டுக்கும் கல்வெட்டுக்கும் ஒரு பதிவு

அந்தத் தரவு எத்தகையது? காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சேலையை ஆவணப்படுத்த வேண்டுமென்றால் உடலும் கரையும் கோர்வையாக இணைந்ததா, முந்தானை பேட்னி போட்டுச் சேர்த்ததா, கரையில் கோபுரமா ருத்ராட்சமா, உடலில் மயில்கண்ணா வைரஊசியா, எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்தது என்பவை தனித்தனிப் புலங்களாக வேண்டும். கட்டுரையாக எழுதிவிட்டால் படிக்கலாம், ஆனால் பேட்னி போட்ட சேலைகளை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. கல்வெட்டுக்கும் அப்படியே: கோயில், சுவர், அரசன், ஆட்சியாண்டு, மொழி, முன்பு பதிப்பித்த தொகுதியும் எண்ணும். ட்ரூபலில் இப்புலங்களை நிர்வாகப் பக்கத்திலிருந்தே வரையறுக்கலாம். வேர்ட்பிரஸில் கூடுதல் நிரலோ செருகுநிரலோ வேண்டும். செருகுநிரலைப் பராமரிப்பவர் நிறுத்திவிட்டால் அப்புலங்களைத் திரையில் கொண்டுவருவதே பெரும்பாடாகும்.

காப்புநகல் விஷயத்தில் மிக அடிப்படையான ஒன்று அடிக்கடி தவறவிடப்படுகிறது. வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து இருக்கும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இருக்காது. நெசவின் ஆவணத்தில் படமே பாதி. ஆகவே தரவுத்தளத்தின் முழு நகல், படங்கள் அடங்கிய கோப்புறை இரண்டையும் வழங்கிக்கு வெளியே வேறிடத்தில் வைத்தாக வேண்டும். அந்த நகலைக் கொண்டு வேறு கணினியில் தளத்தை ஒருமுறை எழுப்பிப் பார்க்கவும் வேண்டும். 2016இலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டணமின்றி முழு அளவில் வழங்கிவருவதால் ஆண்டுச் செலவு பெரும்பாலும் களப்பெயருக்கும் வழங்கி வாடகைக்கும்தான். ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையோ ஒரு நெசவாளர் சங்கமோ தாங்கக்கூடிய தொகை அது.

இவர்களில் யார் தொடங்கினாலும் முதல் பதிவை உள்ளிடும் முன்பே எண் முறையை வகுத்துவிட வேண்டும்: கல்வெட்டுக்கு அச்சுத் தொகுதியின் எண்ணையே அடிப்படையாகக் கொள்ளலாம், சேலைக்குப் புதுவரிசை தொடங்கலாம். தரவுத்தளம் உருவாக்கும்போதே நான்கு பைட்டு யுடிஎஃப்-8 எழுத்துத்தொகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். கல்வெட்டுப் பாடங்களில் வரும் கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் ஒதுக்கிய இடம் மூன்று பைட்டுக்குள் அடங்காது.