ஒரே ஒரு கையெழுத்து

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் மூலனூர் சந்தையில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது நர்ஸாக இருக்கிறாள். "டீச்சர், கருக்கலைப்புக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேணும்னு இன்னும் பல பேர் நினைச்சுட்டு இருக்காங்க. நீங்க எழுதினா நம்ம பசங்க படிப்பாங்க" என்றாள். இத்தனை வருசம் சமூக அறிவியல் எடுத்தும் இந்தப் பாடத்தை நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. எடுக்காததற்கு ஒரு பெண் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

1996. என்னிடம் படித்தவள், பனியன் கம்பெனியில் கை மடிக்கும் வேலை. இரண்டு குழந்தைகள். கணவன் லாரியில் போனவன், எப்போது வருவான் என்று தெரியாது. மூன்றாவது கரு. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் கையெழுத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து அழுதாள். நானும், "ஆமா கண்ணு, சட்டம்னா சட்டம்தானே. அவரு வரட்டும்" என்றேன். பத்து நாள் காத்திருந்துவிட்டு யாரிடமோ போய் ஏதோ மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். ராத்திரியில் வாடகைக் கார் பிடித்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நான்கு பாட்டில் ரத்தம், பதினேழு நாள் படுக்கை. ரத்தம் கொடுத்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். பிழைத்துக்கொண்டாள்.

நான் சொன்ன அந்தச் சட்டம் இல்லவே இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்புச் செய்தால் குற்றம் என்றது. கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அதனால் கருக்கலைப்பு நின்றதா? மறைவிடத்துக்குப் போனது. அங்கே கெட்டுப்போன உடம்புகள் கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தன. 1964-ல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. குழு 1966-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் 1971-ல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் எந்த வாரம் வரை, எந்தக் காரணத்துக்கு, எத்தனை மருத்துவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் வரம்பு போட்டது. ஆனால் சம்மதம் என்று வரும்போது அந்தப் பெண்ணின் சம்மதம் போதும் என்றது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும் மனநோய் உள்ளவருக்கும் மட்டும் காப்பாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கணவர், மாமியார் யாருக்கும் அதில் இடமில்லை. ஜப்பானில் 1948-ல் வந்த சட்டம் கணவர் சம்மதத்தையும் கேட்டது. நம் நாடு கேட்கவில்லை.

இதைச் சோதித்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். தன் சம்மதம் இல்லாமல் மனைவி கருவைக் கலைத்தார் என்று ஒரு கணவர் மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017-ல் தள்ளுபடி ஆனது. இன்னொன்று 2009-ல். சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க நிர்வாகமே முயன்றது. அவர் குழந்தை வேண்டும் என்றார். அவர் விருப்பத்தை மீறக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். முதல் வழக்கில் தடுக்கப் பார்த்தவர் கணவர், இரண்டாவதில் வற்புறுத்தியது அரசு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

பெண் குழந்தை என்று தெரிந்து "கலைச்சிரு" என்று வீட்டில் நெருக்குவதும் இதில் சேர்ந்ததுதான். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு. பழைய 313-ஆம் பிரிவுதான் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 89 ஆகியிருக்கிறது.

2021 திருத்தம் இருபது வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும் என்றது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களுக்கும் இருபத்துநான்கு வாரம் வரை வழி திறந்தது. சட்டத்தில் இல்லாத குடும்பச் சம்மதத்தை மருத்துவர்கள் கேட்கிறார்கள் என்று அதே தீர்ப்பிலேயே வருத்தமும் சொன்னது. ஐம்பது வருசம் கழித்தும் இதே கதை!

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1996-ல் அந்தக் கையெழுத்தைக் கேட்காமல் இருந்திருந்தால் அரசுக்கு ஒரு நாள் படுக்கைச் செலவு. கேட்டதால் பதினேழு நாள் படுக்கை, நான்கு பாட்டில் ரத்தம், டாக்டர் நர்ஸ் நேரம், அவள் இழந்த கூலி, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள். எல்லாம் நம் வரிப்பணமும் அவள் உழைப்பும். சட்டத்தில் இல்லாத ஒரு வரியின் விலை இது. அதில் என் பங்கும் உண்டு.

கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் உங்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். அதை நான் மாற்ற வரவில்லை. நர்ஸாக, டாக்டராக, கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற என் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு பெண் வந்து கேட்டால், உங்கள் டீச்சர் அன்று சொன்னதைச் சொல்லாதீர்கள். "உன் கையெழுத்துப் போதும் கண்ணு" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மூலனூர்