ஹுடா சோக்பி: ஒரு புரதத்தைத் தேடிய 16 வருடங்கள்

1954ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு காட்சியைப் பார்த்து நின்றுவிட்டார். இரண்டு தாய்மார்கள் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் மடியிலும் ஆளுக்கொரு பெண் குழந்தை. இரண்டு குழந்தைகளும் கைகளைக் கழுவுவது போல ஓயாமல் பிசைந்துகொண்டே இருந்தன. ஒரே மாதிரி, ஒரே தாளத்தில். ரெட் தன் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். இதே போல இன்னும் 6 பெண் குழந்தைகள் அகப்பட்டார்கள்.

பிறந்து ஆறு மாதம், ஒரு வருடம் வரை நன்றாக வளரும் குழந்தை. அதன்பின் பேசிய சொற்களை மறக்கிறது, பொருட்களைப் பிடித்த கை பிடியை விடுகிறது, அம்மாவின் முகத்தைப் பார்ப்பது குறைகிறது. ரெட் 1966இல் இதை ஒரு கட்டுரையாக வியன்னாவின் மருத்துவ வார இதழில் வெளியிட்டார். கட்டுரை ஜெர்மன் மொழியில் இருந்தது. ரத்தத்தில் அம்மோனியா அதிகமாக இருப்பதே முக்கிய அறிகுறி என்று அதில் எழுதியிருந்தார். அது பிறகு தவறு என்று தெரிந்தது. இந்த இரண்டு காரணங்கள் போதாதா? ஆங்கிலம் படிக்கும் மருத்துவ உலகம் கட்டுரையைக் கண்டுகொள்ளவே இல்லை.

இத்தனைக்கும் அந்தக் காலகட்டத்தில்தான் மேற்கோள்களை எண்ணும் வழக்கம் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1964இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற அட்டவணையை வெளியிட்டார். எந்தக் கட்டுரையைப் பின்னால் வந்த எத்தனை கட்டுரைகள் சுட்டுகின்றன என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். தேடுவதற்கு உதவியாக வந்த அட்டவணை, நாளடைவில் மதிப்பெண் பட்டியல் ஆகிவிட்டது. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணிக்கையையே பார்க்கிறார்கள். நம்மூர் கட் ஆஃப் மாதிரிதான்!

அந்த எண்ணிக்கை எதை அளக்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. அறிவியல் வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஐன்ஸ்டீனுடையது அல்ல, டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்னதும் அல்ல. ஆலிவர் லௌரி என்ற உயிர்வேதியியலாளர் 1951இல் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறை, அவ்வளவுதான். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அதற்கு. சோதனைக்கூடத்தில் புரதத்தை அளந்தவர்கள் எல்லாம் அவர் பெயரைப் போட்டார்கள். சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைத்தவர் குறிப்பு எழுதியவருக்கு நன்றி சொல்வது போல.

சரி, ரெட்டின் கட்டுரைக்கு வருவோம். அது 17 வருடம் தூங்கியது. பல வருடம் கவனிக்கப்படாமல் கிடந்து திடீரென்று விழிக்கும் கட்டுரைகளுக்கு 'தூங்கும் அழகி' என்ற பெயரை நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ரான் என்பவர் 2004இல் வைத்தார். இந்த அழகியை எழுப்பியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் ஹாக்பெர்க். அவரும் 1960களிலிருந்தே இப்படிப்பட்ட சிறுமிகளைப் பார்த்து வந்தவர். பிரான்ஸ், போர்ச்சுகல் மருத்துவர்களோடு சேர்ந்து 35 சிறுமிகளின் விவரங்களை 1983இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நோய்க்கு ரெட்டின் பெயரையே வைத்தார். முதலில் கவனித்தவர் நாங்கள் இல்லை, அவர்தான் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்ட பெருந்தன்மை அது. அந்தத் தலைப்பில் அறிகுறிகளைப் பட்டியலிடும்போது முதலில் வரும் சொல் 'ஆட்டிசம்'.

அதே 1983இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு இளம் மருத்துவரிடம் இப்படிப்பட்ட ஒரு சிறுமி வந்தாள். அந்த மருத்துவர்தான் ஹுடா சோக்பி.

சோக்பி 1954இல் லெபனானின் பெய்ரூட்டில் பிறந்தவர். ரெட் அந்த இரண்டு குழந்தைகளைப் பார்த்த அதே வருடம்! ஷேக்ஸ்பியரைப் படித்து இலக்கிய மாணவியாக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அம்மா பேசிப் பேசி மருத்துவத்துக்கு அனுப்பினார். (அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.) பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே, 1975இல், உள்நாட்டுப் போர் மூண்டது. தம்பி குண்டுச் சிதறலில் காயம்பட்டதும் பெற்றோர் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோடை விடுமுறை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று போனவரால் திரும்ப முடியவில்லை. நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மெஹாரி மருத்துவக் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. 1979இல் அங்கே படிப்பை முடித்து, ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

முதல் சிறுமியைப் பார்த்த சில நாட்களிலேயே இன்னொரு சிறுமியையும் அதே கைபிசைவோடு பார்த்தார். ஒரே கல்லூரியின் மருத்துவமனைகளில் இரண்டு பேர் என்றால், இதுவரை வேறு பெயர்களில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்? பதிவேடுகளில் தேடினால் மேலும் சிலர் கிடைத்தார்கள். மூளை வளர்ச்சிக் குறை, ஆட்டிசம் என்று பொதுவாக எழுதி மூடிவைத்த கோப்புகள் அவை.

குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் போதாது, காரணம் தெரிய வேண்டும் என்று மருத்துவத்திலிருந்து மரபணு ஆராய்ச்சிக்கு மாறினார். இது மரபணுக் கோளாறு என்று சொல்வதே அன்று துணிச்சலான பேச்சு. காரணம், இந்த நோய் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் வரும். அக்கா தங்கை இருவருக்கும் வருவது மிக மிக அரிது. பரம்பரையாகத் தொடராத நோய்க்கு மரபணுவைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதைவிடக் கடினம். ஒரு துப்பு மட்டும் இருந்தது: நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். ஆகவே கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கலாம்.

இந்தத் தேடலை மட்டும் நம்பி ஒரு ஆய்வுக்கூடத்தை நடத்த முடியாது. சோக்பி இன்னொரு வேலையையும் கையில் எடுத்தார். நடுத்தர வயதில் நடை தள்ளாடத் தொடங்கும் ஒரு பரம்பரை நோயின் மரபணு அது. மினசோட்டாவில் ஹாரி ஓர் அதே மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார். 1993 ஏப்ரல் 8 அன்று, ஒரே நாளில், இருவரும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். யார் முந்தி என்று சண்டை போடாமல் ஒரே கட்டுரையாக எழுதினார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதம் ஒழுங்காக மடியாமல் நரம்பு செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போவதுதான் சிக்கல் என்று பிறகு காட்டினார்கள். சோக்பியின் மேற்கோள் கணக்கில் ஒரு பங்கு இந்தப் புரத ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

ரெட் நோயின் மரபணு கிடைக்க 1999 வரை ஆனது. எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதியை ஒவ்வொரு மரபணுவாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இருந்த ரூதி அமிர், 'மெக்பி2' என்ற மரபணுவில் பிழைகளைக் கண்டார். தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்த 21 சிறுமிகளில் 5 பேரிடம் அது இருந்தது. ஒரு தாயின் இரண்டு மகள்களிடமும் ஒரே பிழை இருந்தது. வழக்கமான ரெட் நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த மரபணுப் பிழை உண்டு என்று இன்று தெரியும். ஆண்ட்ரியாஸ் ரெட் 1997இல் இறந்துவிட்டார். இரண்டே வருடம்.

இதில் ஒரு விந்தை: அந்தப் புரதம் புதிதல்ல. எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் 1992லேயே அதைக் கண்டுபிடித்து விவரித்திருந்தார். டி.என்.ஏ.வில் மீத்தைல் குறி விழுந்த இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, எந்த மரபணு எவ்வளவு பேச வேண்டும் என்று கட்டுப்படுத்தும் புரதம். அவர் எந்த நோயையும் தேடவில்லை. டி.என்.ஏ. பற்றிய அடிப்படை ஆர்வம்தான். ஏழு வருடம் கழித்து அது ஆயிரக்கணக்கான சிறுமிகளின் நோயோடு போய் முட்டியது. பிழை பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் புதிதாக உண்டாவது. தந்தையின் எக்ஸ் மகளுக்கு மட்டுமே போகும், ஆகவேதான் நோயாளிகள் பெண்கள் என்ற பழைய புதிருக்கும் விடை கிடைத்தது.

1999 கட்டுரைக்கு இதுவரை பல ஆயிரம் மேற்கோள்கள். ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த எச் குறியீட்டில் சோக்பி நூறைத் தாண்டிவிட்டார். அதாவது தலா நூறு தடவைக்கு மேல் சுட்டப்பட்ட கட்டுரைகளே அவருக்கு நூறுக்கு மேல்.

ஆனால் இதற்கு ஒரு வருடம் முன்னால், 1998இல், ஆட்டிசம் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தை முடிச்சுப் போட்டது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கும் ஆயிரத்துக்கு மேல் மேற்கோள்கள் உண்டு! பெரும்பாலானவை 'இது தவறு' என்று சொல்வதற்காக. எண்ணும் இயந்திரத்துக்கு வாழ்த்தும் வசவும் ஒன்றுதான். இடையில் தடுப்பூசி போடாமல் விடப்பட்ட குழந்தைகளுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

சோக்பியின் கட்டுரை திறந்த கதவு வழியாகப் பலர் உள்ளே வந்தார்கள். 2004இல் சோக்பியின் குழு, இந்தப் புரதம் எலிகளில் அதிகமானாலும் நோய் வரும் என்று காட்டியது. அடுத்த வருடம் அதே கோளாறு சிறுவர்களிடம் கண்டறியப்பட்டது. 2007இல் பேர்ட்டின் குழு, நோய் முற்றிய எலிகளில் அந்த மரபணுவை மறுபடி இயக்கியபோது அவை தேறி நடமாடின. செத்துப்போன செல்கள் அல்ல, வாயடைத்துப்போன செல்கள் என்பது அன்றுதான் தெளிவாயிற்று. பெற்றோருக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறு இல்லை. 2016இல் இருவருக்கும் சேர்த்து ஷா பரிசு, 2020இல் பிரெய்ன் பரிசு. 2022இல் சோக்பிக்கு ஹாரி ஓர் உள்ளிட்ட மூவரோடு காவ்லி பரிசு.

1994இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ரெட் நோயை ஆட்டிசத்தோடு ஒரே வகையில் சேர்த்திருந்தது. 2013 பதிப்பில் அதை எடுத்துவிட்டது. காரணம் தெரிந்த நோய் தனி நோய் ஆகிவிட்டது.

2023 மார்ச்சில் ட்ரோஃபினடைட் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ரெட் நோய்க்கென்றே வந்த முதல் மருந்து. அறிகுறிகளை ஓரளவு குறைக்கும், மரபணுவைச் சரிசெய்யாது. மரபணுவையே செலுத்தும் சிகிச்சையும் சோதனையில் இருக்கிறது. அதில் பெரிய தலைவலி அளவுதான். குறைந்தால் ஒரு நோய், கூடினால் இன்னொரு நோய். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இன்றும் இந்த நோய் வருகிறது. அவளுடைய அம்மா மருத்துவரிடம் முதலில் சொல்வது, வியன்னாவில் அந்த இரண்டு அம்மாக்கள் சொல்லியிருக்கக்கூடியதுதான்: "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா."